ஆடிப் பாலும் அதன் அளவும்

'ஆடிப் பாலைத் தேடிக் குடி' என்பது நம் பெரியோர் வாக்கு. தக்ஷிணாயன புண்ணிய காலம் பிறக்கும் ஆடி முதல் நாளன்று, தேங்காய்ப் பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்து இறைவனுக்கு நிவேதித்து அருந்துவது தமிழகத்தில் பல குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தலை ஆடிக்கு அழைக்கப்பெற்று வரும் புது மாப்பிள்ளைக்கு வெள்ளித் தம்ளரில் இதனை அளித்து உபசரிப்பார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் அதே நாளில் தேங்காயின் கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் ஆகியவற்றை உள்ளே இட்டு, நெருப்பில் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைக்கிறார்கள். முறை ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், ஆடியை வரவேற்கத் தேங்காய் வேண்டும்.

இந்தப் பாலில் ஒரு நுட்பம் உண்டு. மற்ற நாட்களில் செய்யும் பானகத்தையோ பாயசத்தையோ ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்து, இனிப்பைக் கூட்டிக் கொள்ளலாம். நிவேதனத்திற்கென்று செய்வதை அவ்வாறு ருசி பார்க்கலாகாது. இறைவன் அமுது செய்த பிறகே நாவில் படவேண்டும். ஆகவே, அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் ஆலயங்களில் படித்தரம் என்று ஒன்று ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு பயன் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. திருவமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று நாழி, உரி, உழக்குக் கணக்கில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இத்தகைய கணக்குகளைக் காணலாம். வங்கியில் பேரேடுகளோடு காலம் கழித்த எனக்கு அந்தக் கல்வெட்டுகள் மீது தனி மதிப்பு உண்டு.

ஆனால் வீட்டு நிவேதனத்திற்குக் கல்வெட்டு ஏது? எங்கள் இல்லத்தில் அது என் மனைவியின் கைகளில் இருந்தது. அவள் தன் மாமியாரிடம், அதாவது என் தாயாரிடம், பார்த்துக் கற்றது. மூன்று ஆண்டுகளாக அவளுக்கு இரு மணிக்கட்டுகளிலும் மூட்டு வலி. துருவவும் இயலாது, பிழியவும் இயலாது. வெளிநாட்டில் வசிக்கும் எங்கள் மகள் சென்ற ஆண்டு தொலைபேசியில், "அம்மா, வெல்லம் எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள். "கண்ணால பார்த்தாத் தெரியும்டி" என்பதே இவளுடைய பதில். அங்கே இருக்கும் பெண் எதைப் பார்ப்பாள்? அந்த ஆடியன்று நான் பிழிய, அவள் அருகில் நாற்காலியில் அமர்ந்து சொல்ல, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவள் "போதும்" என்று சொன்ன இடம்தான் அளவு.

நான்கு பேருக்கு நடுத்தரமான முற்றிய தேங்காய் ஒன்று. ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வராமல் வெண்மையான பகுதியை மட்டும் துருவ வேண்டும். தோல் கலந்தால் பாலின் நிறம் மங்கும். அரைத் தம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் முதற்பால். கொதிநீர் கூடாது, குளிர்ந்த நீரில் தேங்காயின் கொழுப்பு எளிதில் இறங்காது. அதே சக்கையில் ஒரு தம்ளர் நீர் விட்டு இரண்டாம் பால், அரைத் தம்ளர் நீர் விட்டு மூன்றாம் பால். மூன்றையும் தனித்தனியே வைக்க வேண்டும்.

பாகு வெல்லம் 120 கிராம். அதை மூன்றாம் பாலில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் இரண்டாம் பாலைச் சேர்த்து, இளஞ்சூடானதும் இறக்கிவிட வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே முதற்பால். அடுப்பில் இருக்கும்போது அதை ஊற்றினால் எண்ணெய் பிரிந்து திரிந்துவிடும். வெல்லத்தில் உள்ள சிறு புளிப்பும் அதற்குத் துணைபோகும். ஏலக்காய் நான்கு, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை, பச்சைக் கர்ப்பூரம் கடுகளவு. கர்ப்பூரம் அதற்கு மேல் போனால் கசக்கும். தேங்காய்ப் பால் விரைவில் கெடுவது; ஆகையால் பூஜைக்குச் சற்று முன்பு செய்து, நிவேதித்தவுடன் அருந்திவிட வேண்டும்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெல்லமும் சர்க்கரையே என்பதை மருத்துவர் நினைவூட்டியபடியே இருக்கிறார். ஆகவே எனக்கு ஓர் உத்தரணி மட்டுமே. பிரசாதத்திற்கு அது போதும். மீதியை அண்டை வீட்டுக் குழந்தைகள் காலி செய்துவிடுகிறார்கள்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை மகளுக்கு அனுப்பி வைத்தேன். அவள் அங்கே கிடைத்த தேங்காயில் பிழிந்து, தன் வீட்டு அம்பாள் படத்தின் முன் வைத்து, பிறகு அருந்திவிட்டு அழைத்தாள். "பாட்டி செய்யற மாதிரியே இருக்கும்மா" என்றாள். என் மனைவி மறுமொழி கூறாமல் தன் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு இல்லத்திலும் இவ்வாறு எழுதப்படாத படித்தரங்கள் பல இருக்கும். கொழுக்கட்டைப் பூரணத்தின் பதம், அக்காரவடிசிலின் நெய்யளவு எல்லாம் யாரோ ஒருவர் கையில் இருக்கின்றன. அந்தக் கைகள் ஓயும் முன் அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்வதும், ஆண்மக்கள் அந்தத் துருவலைப் பிழிந்து தருவதும் இறைவனுக்குச் செய்யும் கைங்கரியமே. வருகிற ஆடி முதல் தேதிக்கு ஒரு தேங்காயும் ஒரு குறிப்பேடும் எடுத்து வையுங்கள். அன்னை பராசக்தி அனைவருக்கும் அருள்வாளாக!