வெள்ளவத்தையில் ஒரு மனாகுவா வாவி

வடக்கிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் காலிமுகத்திடலையும் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையையும் கண்டு திரும்புதல் வழக்கம். சென்ற விடுமுறையில் நாமோ வெள்ளவத்தையிலே, கடலோரப் புகையிரதப் பாதைக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டு மண்டபத்தில் மூன்று நாட்களைக் கழித்தோம். நம்மோடு கல்வி பயின்ற நண்பர் ஒருவரின் இல்லம் அது. சுவாமி படங்கள் இருக்கும் சுவருக்கு எதிர்ச் சுவரோரமாக, ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று நிற்கின்றது. ஏறத்தாழ 650 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதனுள்ளே வாழ்வன இரண்டே மீன்கள்.

ஆணின் நீளம் பதினான்கு அங்குலம், பெண் பத்தங்குலம். வெள்ளியும் பொன்னும் கலந்த உடலிற் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. கீழ்த்தாடை முன்னே நீண்டு, எதனையோ கவ்வக் காத்திருப்பது போன்ற முகம். அமெரிக்கக் காடுகளின் ஜாகுவார் என்னும் புலியினத்தின் பெயரையே இம்மீனுக்கும் சூட்டியுள்ளனர். நாம் கண்ணாடியருகே சென்றதும் ஆண் மீன் பின்வாங்கவில்லை. செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு நம்மை நோக்கி வந்தது! மாணாக்கர் கூட நம்மை அவ்வாறு முறைத்ததில்லை.

இதன் தாயகம் மத்திய அமெரிக்கா. 1867 ஆம் ஆண்டில் குந்தர் என்னும் அறிஞர் இதனை விவரித்து, நிக்கராகுவா நாட்டின் மனாகுவா ஏரியின் பெயரை இட்டார். அவ்வேரியின் பரப்பு ஏறக்குறைய நமது யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பேயாகும். ஒரு கரையிலே தலைநகர். மறு கரையிலே மொமொதொம்போ எரிமலை. திப்பிதாப்பா ஆற்றின் வழியே அதன் நீர் இன்னும் பெரிதான நிக்கராகுவா ஏரிக்கு வடியும். அந்நாட்டவர் இத்தகைய வேட்டை மீன்களைக் குவாபோத்தே என அழைத்து, விரும்பி உண்கின்றனர்.

அந்நாட்டு ஹிலோவா என்னும் எரிமலை வாய் ஏரியைப் பற்றி ஒரு விந்தையான செய்தி உண்டு. குவாபோத்தே இனத்துள் மிகப் பெரிய மீனின் குஞ்சுகளை, அதற்கு இரையாகக் கூடிய வேறொரு மீனின் ஆண்கள் காவல் காத்து நிற்பதைக் கென்னத் மக்கே என்னும் ஆராய்ச்சியாளர் கண்டு 1977 இல் எழுதினார். முட்டையிடும் இடத்துக்குப் போட்டியிடும் மூன்றாவது மீனொன்றைக் குவாபோத்தே தின்று குறைத்துவிடுவதே இவ்வுதவிக்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. பகைவனின் பிள்ளைக்குப் பாலூட்டும் இராசதந்திரம் மீன்களிடமும் உண்டு போலும்.

நண்பரின் தொட்டிக்கு வருவோம். இம்மீன்களை இனம்பெருக்குவதிலுள்ள பெருந்தொல்லை அவற்றின் காதலேயாகும். பெண் முட்டையிட ஆயத்தமாகாத வேளையில் ஆண் அதனைக் கொன்றுவிடவும் கூடும். ஆகையால் நண்பர் தொட்டியின் நடுவே பிளாஸ்டிக் வலைத்தட்டு ஒன்றை நிறுத்தி, அதன் மூலையில் பெண் மட்டும் நுழையக்கூடிய ஒரு துவாரம் வெட்டியுள்ளார். விரும்பினால் அவள் போவாள், அஞ்சினால் திரும்புவாள். இவ்வேற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

இணங்கிய இணை ஒரு தட்டைக் கல்லை வாயினாற் கொத்திக் கொத்தித் துப்புரவு செய்யும். பின்னர் பெண் அக்கல்லின்மேல் வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் தொடர்ந்து சென்று கருவூட்டும். ஒரே முறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இடுவதும் உண்டு. தாய் செட்டைகளால் ஓயாது விசிறி நிற்பாள்; வெளுத்துக் கெட்ட முட்டைகளைப் பொறுக்கி அகற்றுவாள். மூன்று நான்கு நாட்களிற் குஞ்சு பொரித்ததும் மணலிற் குழி தோண்டி, வாயினாற் கவ்விச் சென்று அதில் இடுவாள். மேலும் ஒரு வாரம் அளவிற் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். ஆட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டைகளை உப்புத் தண்ணீரில் ஒரு நாள் வைத்தால், அதிலிருந்து பொரிப்பனவே குஞ்சுகளுக்கு முதல் உணவு. பெற்றோர் வெருண்டால் தம் முட்டைகளைத் தாமே விழுங்கிவிடுவர். முதலீட்டு முட்டைகள் அவ்வாறே போயின என்றும், காலிப் புகைவண்டியின் ஓசையே காரணம் என்றும் நண்பர் கூறுகின்றார். நாம் அவருடைய வானொலியையே ஐயுறுகின்றோம்.

இரண்டாம் முறை ஏறத்தாழ நானூறு குஞ்சுகள் தேறின. அங்கேதான் வழக்குத் தொடங்கிற்று. வவுனியாவிலிருந்து வந்திருந்த மைத்துனர், “அத்தான், நூறு குஞ்சு தாருங்கோ. எங்கட குளத்திலை விட்டால் நாலு சனம் பிடிச்சுச் சாப்பிடும்” என்றார்.

“தம்பி, இது மற்ற மீனை முடிச்சுப்போடும்” என்றார் நண்பர்.

“திலாப்பியாவும் வெளியிலையிருந்து வந்ததுதானே!”

மைத்துனர் கூற்றைப் பேதைமை எனத் தள்ளுதல் முறையன்று. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா எத்தனையோ குளக்கரைக் குடும்பங்களுக்குச் சோறும் குழம்பும் அளித்தது. ஆனால் அது பெரும்பாலும் பாசியையும் தாவரப் பொருளையும் உண்டு வாழ்வது. இதுவோ மீனைத் தின்னும் மீன். அலங்கார மீனாக வந்து தப்பிய கத்தி மீன் இன்று தென்னிலங்கை நீர்நிலைகளில் வேட்டையாடித் திரிகின்றது. பிலிப்பைன்ஸின் தால் ஏரியில் இதே ஜாகுவார் மீன் குடியேறிவிட்டது. நமது ஓடைகளிலும் குளங்களிலும் உள்ள சிறு மீன்களுட் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. மட்டக்களப்பு வாவியிற் பிடிபடும், சிங்களவர் கொறலியா எனும் மீனும் இக்குலத்ததே. அதற்கு இந்த உறவினர் வேண்டியதில்லை.

நண்பர் பெருந்தொட்டி வைத்திருக்கும் நால்வருக்கு முப்பது குஞ்சுகளைக் கொடுத்தார். எஞ்சியவற்றைப் பெற்றோரிடமே விட்டுவிட்டார். அவற்றின் தொகை நாளுக்கு நாள் குறைந்தது. இனிமேல் முட்டையிட்ட அன்றே கல்லை வெளியே எடுத்துவிடுவதென்றும் முடிவு செய்தார். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மகள், “முட்டையை எறியிறதும் பாவந்தானே, அப்பா?” என்று கேட்டாள். தந்தை மறுமொழி கூறவில்லை. நாம் அவர் பக்கமே நின்றோமாயினும், அப்பிள்ளைக்குத் தக்க விடை நம்மிடமும் இருக்கவில்லை.

மறுநாட் காலை மைத்துனர் வவுனியா பஸ்ஸில் ஏறியபோது அவர் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. வீட்டுத் தொட்டியைத் தவிர வேறெங்கும் விடுவதில்லை எனச் சத்தியம் வாங்கிக்கொண்டு, மருமகள் கொடுத்த இரண்டு தங்கமீன்கள் அதனுள் நீந்தின. பெண் ஜாகுவாரோ மீண்டும் கல்லைக் கொத்தத் தொடங்கியிருந்தது.