அழுகை நின்றதும் ஏமாந்துபோனோம்!

சோமனூரில் எங்கள் வீதியில் ராத்திரியும் தறிச்சத்தம் ஓயாது. அதையும் மீறி அன்று அக்காவின் 9 மாதப் பையன் வீறிட்டான். காலை வயிற்றோடு மடக்கி அழுவான், சற்று நேரத்தில் அடங்கிச் சிரிப்பான், மறுபடியும் அழுவான்.

"உரம் விழுந்திருக்கும் கண்ணு" என்றார் அப்பத்தா. நான் போனில் வீட்டு வைத்தியம் தேடினேன். முதலில் பார்த்த டாக்டர் வாயுவுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். அவர் வயிற்றைத் தொட்டபோது பையன் அமைதியாகத்தான் இருந்தான்.

விடிகாலையில் மலத்தோடு ரத்தமும் சளியும். கோவைக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். நறுக்கிய வெங்காயம் போலத் திரையில் வளையத்துக்குள் வளையம். "குடல் செருகல்" என்றார் டாக்டர். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. 6 மாதம் முதல் 3 வயது வரை அதிகம் வருமாம். ஸ்கேனில் பார்த்தபடியே ஆசனவாய் வழியாக உப்பு நீர் செலுத்திச் சரிசெய்தார்கள். தாமதித்திருந்தால் ஆபரேஷன்தான்.

குழந்தை விட்டுவிட்டு அழுதால், அழும்போதே வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பச்சை வாந்தியோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

அன்றிரவு நான் தேடிப் படித்த 'வீட்டு வைத்தியம்' பக்கங்களைப் போல நானும் எழுதியிருக்கிறேன். இனி எழுதினால், முதல் வரியிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும்.