இறுக்கும்போதே நினைக்க வேண்டியது

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மாணவர்கள் கேட்டபோது, இலக்கியம் குறித்தே எழுதுவோம் என எண்ணியிருந்தோம். எழுத அமர்ந்ததும் மனம் ஏட்டை விட்டு, எம் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய கார் ஒன்றின் எஞ்சினை நோக்கிச் சென்றுவிட்டது. துருவேறி அசைய மறுத்த ஒரு திருகை நாம் முறித்த கதை அது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து நிற்கும் 3 குறள் அதிகாரங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்திவரும் நாம், அவற்றை ஒரு பட்டறைப் பெரியவரிடம் மீண்டும் பாடம் கேட்ட கதையும் அதுவே.

எமது ஊர் இராஜபாளையம். எம் தந்தையார் அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பிய சிறு வணிகர். 1986ஆம் ஆண்டில் அவர் ஓர் அம்பாசிடர் கார் வாங்கினார். அந்தக் காரின் பயணம் பெரும்பாலும் ஒரே திசையில்தான். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகக் கடையநல்லூர். அங்கே அவருடைய தமக்கையார் வாழ்ந்தார். பெருநாளானாலும் திருமணமானாலும் கார் தெற்கு நோக்கியே புறப்படும்.

2005ஆம் ஆண்டில் பாட்டனார் வீட்டுப் பங்கீட்டின்போது இருவருக்கும் இடையே ஒரு சொல் விழுந்தது. அச்சொல் இன்னதென்று இன்றளவும் நமக்குத் தெரியாது. அத்தா அன்றிரவே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். அதற்குப் பின் அக்கார் கடையநல்லூர்ச் சாலையைக் காணவில்லை. சில ஆண்டுகள் ஊருக்குள் ஓடியது. பிறகு முற்றத்துக் கூரையின் கீழ்த் தார்ப்பாய் போர்த்தி நின்றுவிட்டது.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அத்தாவுக்கு அப்போது வயது 78. ஒருநாள் காலைத் தேநீரின்போது, "காரை ரெடி பண்ணுப்பா. கடையநல்லூர் போகணும்" என்றார். வாடகைக் கார் அழைக்கலாமே என்றோம். "வேணாம். எதுல கோவிச்சிட்டு வந்தேனோ, அதுலயே போகணும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

புதிய பேட்டரி வைத்தோம். பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினோம். எஞ்சின் இருமி இருமி உயிர்பெற்றது. ஆனால் அதன் முன்புற உச்சியில் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்திலிருந்து நீர் ஒழுகியது. எஞ்சின் சூடேறும்வரை நீரைத் தடுத்து நிறுத்தி, சூடேறியபின் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் அலுமினிய மூடியை 3 இரும்புத் தண்டுகளும் அவற்றின் மேல் 3 நட்டுகளும் பிடித்திருந்தன. நட்டுகளைக் கழற்றி, மக்கிப்போன கேஸ்கெட்டை மாற்றினால் போதும். அரைமணி நேர வேலை என்று கணக்கிட்டோம்.

அன்று விடுமுறை நாள். உதவிக்கு வந்திருந்த எம் மாணவர் ஒருவர், "சார், மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடலாமா?" என்று பணிவோடு கேட்டார். அதற்கெல்லாம் நேரமில்லை என்று மறுத்தோம். மறுநாளே அத்தாவை அழைத்துச் செல்லும் அவசரம் நமக்கு. ஆசிரியர் என்ற எண்ணமும் சிறிது கலந்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

முதற்பிழை அளவில் நேர்ந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நம் நாட்டில் 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவுமுறை நடைமுறைக்கு வந்தது. அம்பாசிடரோ இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழித்தோன்றல். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் இறுதி தொடங்கி 2014 மே மாதம் வரை உருவானது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் நட்டுகள் அங்குலக் கணக்கிலேயே அமைந்தவை. அந்த நட்டுக்கு வேண்டியது அரை அங்குல ஸ்பேனர். அதாவது 12.7 மி.மீ. நாம் மாட்டியது 13 மி.மீ. வேறுபாடு 0.3 மி.மீ. மட்டுமே. அந்த இடைவெளியில் ஸ்பேனர் வழுக்கி, நட்டின் ஆறு முனைகளும் மழுங்கின.

இரண்டாம் பிழை வலிமையில் நேர்ந்தது. மழுங்கிய நட்டைப் பைப் ரிஞ்சால் கவ்வி, அதன் பிடியில் நீண்ட இரும்புக் குழாய் ஒன்றைச் செருகினோம். பிடி மூன்று மடங்கு நீண்டால் முறுக்கும் ஆற்றலும் மூன்று மடங்கு பெருகும் என்பது பள்ளியில் கற்ற பாடம். அந்த ஆற்றலைத் தாங்க வேண்டியதோ 8 மி.மீ. பருமனுள்ள, துருத் தின்ற ஒரு தண்டு. நட்டு அசைந்தது. வென்றோம் என்று மகிழ்ந்த அதே நொடியில் 'டக்' என்றோர் ஒலி. நட்டோடு தண்டின் தலையும் நம் கையில் வந்துவிட்டது. திண்ணையில் அமர்ந்திருந்த அத்தா எழுந்து உள்ளே சென்றார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பேருந்தேறித் திருவில்லிபுத்தூர் சென்றோம். 11 நிலைக் கோபுரம் தெரியும் தெரு ஒன்றில் அத்தாவின் பழைய மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறை இருந்தது. எழுபதை நெருங்கிய அவர் பெரிதும் ஓய்வில்தான் இருந்தார். நிகழ்ந்ததைக் கூறினோம். "எத்தனை உடைஞ்சுது?" என்றார். ஒன்று என்றோம். "மிச்ச ரெண்டையும் தொடலையே? அப்ப பொழைச்சுக்கலாம் சார்" என்று கூறித் தம் டிவிஎஸ் 50 வண்டியில் கருவிப் பையை மாட்டினார்.

அன்று முழுவதும் அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. வயர் பிரஷால் துருவைத் தேய்த்து அகற்றினார். மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து, நட்டுகளின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டார். சிறு சுத்தியலால் ஒவ்வொரு நட்டையும் மெல்லத் தட்டினார். மீண்டும் சொட்டு, மீண்டும் தட்டு. மாலையில், "நாளைக்கு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். நமக்குப் பொறுமை போயிற்று.

பின்னர்தான் அதன் காரணம் விளங்கியது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு இடையில் அந்த இடம் ஏது? எனவே துரு ஆப்பு அடித்தாற்போல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மெல்லிய எண்ணெய் அந்நுண்ணிய இடைவெளிகளில் தானே ஊர்ந்து ஏறும். ஊர்வதற்கு அதற்குக் காலம் வேண்டும். சுத்தியலின் சிறு அதிர்ச்சி துருவில் விரிசல் உண்டாக்கி, எண்ணெய்க்கு வழிவிடும்.

இரண்டாம் நாள் சரியான அளவுள்ள ரிங் ஸ்பேனரை மாட்டினார். மாட்டியவர், கழற்றும் திசைக்கு மாறாக இறுக்கும் திசையில் முதலில் ஒரு மயிரிழை திருப்பினார். வியந்து கேட்டோம். "பூட்டிக்கிட்டு இருக்கறதை நேரா இழுத்தா அது எதிர்த்துக்கிட்டு நிக்கும் சார். அது போற பக்கமே கொஞ்சம் போய்ட்டு அப்புறம் திருப்பணும்" என்றார். முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று, இடையில் ஒரு சொட்டு எண்ணெய். இவ்வாறே இரண்டு நட்டுகளும் முறியாமல் வெளிவந்தன.

ஆயினும் மூடி தண்டுகளோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் கூடி நின்றால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகி இறுகிவிடும். மூன்றாம் நாள், பேட்டரி இணைப்பைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெட்ரோல் குழாயின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தியபின், மூடியைச் சுற்றித் தீச்சுடரைக் காட்டினார். ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் இரும்பு ஏறத்தாழ 10 இலட்சத்தில் 12 பங்கு விரியும். அலுமினியமோ 23 பங்கு விரியும். மூடியின் துளைகள் தண்டைவிடக் கூடுதலாக அகன்று பிடியை விட்டன. பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டி மூடியை உருவினார்.

நான்காம் நாள் வெல்டிங்காரர் வந்தார். நாம் முறித்த தண்டின் முனையில் புதிய நட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பற்றவைத்தார்கள். அதன் வெப்பம் தண்டின் வேர்வரை இறங்கியது. ஆறவிட்டு, அண்ணாச்சி அந்த நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். நம் முழு வலிமைக்கும் இணங்காத தண்டு, ஒரு முதியவரின் மணிக்கட்டுக்கு இணங்கிச் சுழன்று வெளியே வந்தது.

புதிய தண்டுகளைப் பொருத்துமுன் அவற்றின் மரைகளில் விரல்நுனியால் கிரீஸ் தடவினார். நட்டுகளை அளவாக இறுக்கி நிறுத்தினார். இன்னும் சிறிது இறுக்கலாமே என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதே இக்கட்டுரைக்குக் கரு. "இறுக்குறது எல்லாரும் இறுக்கலாம் சார். நாளைக்கு ஒருத்தன் இதைக் கழத்தணும்ல? அவனை நெனைச்சுக்கிட்டு இறுக்கணும்."

அண்ணாச்சி திருக்குறளைப் படித்தவரா என்று நாம் கேட்கவில்லை. தண்டின் வலியையும் தம் வலியையும் அவர் அறிந்திருந்தார். எண்ணெய் ஊறும் காலத்தை அறிந்திருந்தார். எங்கே தட்டுவது, எங்கே சுடுவது என்னும் இடத்தை அறிந்திருந்தார். அதிகாரங்களின் பெயரை அறிந்திருந்தவர்கள் நாம்.

'மரை கழன்றவன்' என்று அறிவு பிறழ்ந்தவனைச் சொல்லும் வழக்கு நம் மக்களிடம் உண்டு. கழலவே மாட்டாத மரைக்கு அவ்வாறு ஒரு வழக்கு நாம் கேட்டதில்லை. ஆனால் அத்தகைய மரை இல்லாத குடும்பம் எந்தத் தெருவில் உண்டு?

ஐந்தாம் நாள் காலை புறப்பட்டோம். அத்தா முன்னிருக்கையில் அமர்ந்து புளியங்குடி வரை ஒன்றும் பேசவில்லை. கடையநல்லூரில் அந்தத் தெருவுக்குள் கார் திரும்பியதும் எஞ்சின் ஒலி கேட்டு மாமி வாசலுக்கு வந்துவிட்டார். 11 ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வொலி அவருக்கு மறக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இந்தக் காரு இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் ஓடுது அக்கா" என்றார் அத்தா.

வீட்டுப் பங்கீட்டைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. சோறு போட்டார்கள், உண்டோம். இருவரும் பிற்பகல் முழுவதும் தம் தாயாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். அதன்பின் மாதந்தோறும் கார் தெற்கே சென்றது. 2018இல் மாமி மறைந்தார். அடுத்த ஆண்டு அத்தாவும் மறைந்தார். அவர்களுக்குக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளை எண்ணும்போதெல்லாம், நம் அவசரத்தால் வீணான 4 நாட்களும் கூடவே நினைவுக்கு வருகின்றன. காலம் நமக்குக் கருணை காட்டியது. எல்லோருக்கும் எப்போதும் அவ்வாறு காட்டும் என்று சொல்ல இயலாது.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை பட்டறையிலும் பணியாற்றக்கூடும். பலர் ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் ஆவீர்கள். துருவேறியதைக் கழற்றும் வழிகளை மேலே கூறினோம். ஆயினும் கழற்றும் கலையினும் பெரியது இறுக்கும் கலை என்பதே நாம் கற்றது. வகுப்பில் ஒரு மாணவரைக் கடிந்துகொள்ள இப்போது வாய் திறக்கும்போது, நாளை இச்சொல்லைத் திரும்பப் பெற முடியுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கிறோம். பல வேளைகளில் சொல் தானே தணிந்து வருகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று அன்று கேட்ட மாணவரிடமும், தாமதமாகவேனும், "நீங்கள் சொன்னதே சரி" என்று சொல்லிவிட்டோம்.