கோவளத்து அலைவீரர்கள்

கரங்கான் வட்டார வாசகர்களே, தஞ்சோங் டாவாய்க் கடலைப் பார்த்திருப்பீர்கள். பேரலைகளைச் சுமத்ரா தீவு பெருமளவு தடுத்துவிடுவதால் நம் கெடா கடல் பெரும்பாலும் சாதுவானது. வங்கக் கடலைக் கடந்து, சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கோவளத்துக்குப் போனால் வேறு காட்சி! மீனவர் பிள்ளைகள் பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வருகிறார்கள்.

சிறுவயதில் மரப்பலகையில் அலையோடு விளையாடிய மீனவர் மூர்த்தி மேகவன், 2012-இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். புகையும் குடியும் கூடாது என்பது அவர் வகுத்த விதி. பக்கத்து மாமல்லபுரத்தில் 2025-இல் ஆசியப் போட்டியே நடந்தது.

காமிரா கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல்: அது கிழக்குக் கரை. காலையில் கரையிலிருந்து எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும். ஆள் கறுப்பு நிழலாகத்தான் விழுவார். பிற்பகலில் எடுங்கள், முகம் தெரியும். கைதேர்ந்தவர்கள் நீர்புகாப் பெட்டிக்குள் காமிராவை வைத்து, அலைக்குள்ளேயே நீந்திப் படம் எடுப்பார்கள்.

தமிழகம் செல்வோர் மாமல்லபுரம் போகும் வழியில் இறங்கிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அப்பன் வலைவீசிய அதே கடலில் மகன் வேறொரு பிழைப்பும் பேரும் தேடிக்கொண்டிருக்கிறான். பால்மரக் காட்டில் வளரும் நம் பிள்ளைகளும் அறிய வேண்டிய செய்தி இது!