பாய்லர் பழுதும் மெக்கானிக்கின் அட்டையும்

இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு பாய்லர்தான். சமையலறைச் சுவரில் அல்லது ஒரு அலமாரிக்குள் தொங்கும் வெள்ளைப் பெட்டி அது. எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீரை ஒரு பம்பு அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குத் தள்ளும், ஆறிய தண்ணீர் மறுபடி பெட்டிக்கே திரும்பும். ‘காம்பி’ எனப்படும் வகையில் குளிக்கிற வெந்நீரும் இதிலிருந்தே வருகிறது. ஆகவே ஜனவரியில் பெட்டி நின்றுபோனால் அறையும் குளிரும், குழாயும் குளிரும்.

நாகூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர்களுக்கு இது பழக்கமில்லாத கவலை. கடல் கடப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது. பினாங்கின் சூலியா தெருவிலும் அதே பெயரில் ஒரு தர்கா உண்டு. ஆனால் அந்தத் துறைமுகங்களில் வெயில் இலவசம். வெப்பத்தை மாதாமாதம் காசு கொடுத்து வாங்கவும், அது நின்றால் ஆளைத் தேடவும் நேர்ந்தது ஐரோப்பாவுக்குப் போன தலைமுறைக்குத்தான். நாகூரில் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

பாய்லர் நின்றால் வீட்டுக்காரர் தானே செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் பிரஷர் முள்ளைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆறியிருக்கும்போது அது பொதுவாக 1க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்கும். இறங்கியிருந்தால் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றலாம். மேல்பாதி சூடாகாத ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்கும். சின்னச் சாவியால் திருகினால் சீறிக்கொண்டு வெளியேறும். கடுங்குளிர் நாளில், வீட்டுக்கு வெளியே ஓடும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்து அடைபட்டிருக்கலாம். 2005 முதல் இங்கிலாந்தில் பொருத்தப்படும் பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை. அதில் சொட்டும் தண்ணீர்தான் இந்தக் குழாயில் போகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் அடைப்பு விடும். கொதிநீர் ஊற்றக் கூடாது.

இதற்குமேல் கை வைக்க முடியாது. எரிவாயு ஓடும் பகுதியைத் திறக்க, ‘கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்’ என்ற பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே சட்டம் இடம் கொடுக்கிறது. அவரிடம் ஓர் அட்டை இருக்கும். முன்பக்கம் புகைப்படம், உரிம எண், காலாவதித் தேதி. பின்பக்கம் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்ற பட்டியல். அடுப்புக்குத் தேர்ச்சி பெற்றவர் பாய்லரைத் தொடக் கூடாது. பாய்லருக்கு மட்டும் பெற்றவர் அடுப்பைத் தொடக் கூடாது. வாசலில் நிற்பவரிடம் அட்டையைக் கேட்டு வாங்கி, இரு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விடலாம். கேட்டதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மின் வேலைக்கு உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது, வயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் வேலைக்கு வந்தவரிடம் அதைக் கேட்டுப் பார்க்கும் வீடு எது? கேட்டால், “என்ன நானா, நம்மளத் தெரியாதா?” என்பார். கேட்டவருக்கும் கூச்சம். ஊரில் அறிமுகமே சான்றிதழ். நாலு வீட்டில் வேலை பார்த்த கை என்றால் ஐந்தாவது வீடும் கதவைத் திறந்துவிடும்.

இங்கிலாந்தும் ஒழுங்கோடு பிறந்த நாடல்ல. 1968 மே 16 அதிகாலையில், கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 18ஆவது மாடியில் ஒருவர் டீ போடத் தீக்குச்சி கிழித்தார். கசிந்து நிறைந்திருந்த எரிவாயு வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். கசிவுக்குக் காரணம், அடுப்புக் குழாயை இணைத்த தரம் குறைந்த பித்தளை நட்டு. அதன் பிறகு 1970இல் ‘கோர்கி’ என்ற பதிவேடு வந்தது. அப்போது அதில் சேர்வது அவரவர் விருப்பம். 1991இல் கட்டாயமானது. 2009 ஏப்ரலில் அதன் இடத்துக்கு இப்போதைய பதிவேடு வந்தது. ஆக, ஓர் அட்டை கட்டாயமாவதற்கு இருபது ஆண்டுகளுக்குமேல் பிடித்தது. ஈஸ்ட் ஹாமில் தோசைக்கடையும் நகைக்கடையுமாக வாழும் தமிழர்களின் உள்ளூராட்சி இதே நியூஹாம்தான்.

அட்டையோடு வந்தவர் வேலை பார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. திரையில் மின்னும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்கிறார். மூடியைக் கழற்றி எரிவாயு அழுத்தத்தை மானோமீட்டரில் அளக்கிறார். புகைபோக்கியில் ஒரு குச்சிக் கருவியை நுழைத்து கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கிறார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாய்லர் ஆபத்து என்று கண்டால், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இணைப்பைத் துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டைக் கட்டிவிட்டுப் போவார். “விருந்தாளி வந்திருக்காங்க, நாளைக்குப் பார்க்கலாமே” என்ற பேச்சு எடுபடாது. சம்மதிக்காவிட்டால் எரிவாயு அவசரப் பிரிவுக்குச் சொல்லிவிடுவார். வீட்டுக்குள் வந்து துண்டிக்க அவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

வாடகை வீடென்றால் செலவு உரிமையாளருடையது. வெந்நீரும் வெப்பமும் ஓடும் நிலையில் இருக்கவேண்டியது 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அவர் பொறுப்பு. ஆண்டுக்கொரு முறை எரிவாயுச் சோதனை செய்து, 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குச் சான்று நகல் தரவும் வேண்டும். வாடகைக்காரரிடமே மோட்டார் ரிப்பேர் காசை வாங்கிப் பழகிய ஊரிலிருந்து போனவருக்கு இது நம்ப முடியாத நியாயம்.

புகழ்ச்சி இத்துடன் நிற்கவேண்டும். அட்டை வைத்திருப்பவர் கிடைப்பது பெரும்பாடு. குளிர் இறங்கிய வாரத்தில் எல்லார் வீட்டு பாய்லரும் சேர்ந்தே படுக்கும். “காலை எட்டிலிருந்து மதியம் ஒன்றுக்குள்” என்று நேரம் கொடுப்பார்கள், அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் காத்திருக்கவேண்டும். வந்து மூடியைத் திறந்து பார்த்ததற்கே தனிக் கட்டணம். பிறகு, “பார்ட் ஆர்டர் போடணும்.” பாகம் வரும்வரை பிள்ளைகள் கோட்டோடு தூங்கவேண்டியதுதான். பாகம் வந்ததும் பழையதைக் கழற்றி எறிகிறார்கள். அது ஏன் கெட்டது, சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியே எழுவதில்லை.

காவிரி டெல்டா மெக்கானிக்கின் பெருமை இங்கேதான் தெரிகிறது. குறுவை நாற்று வாடும்போது போர்வெல் மோட்டார் எரிந்தால், பட்டறைக்காரர் ராத்திரியோடு காயில் கட்டிக் காலையில் மாட்டித் தருகிறார். பழைய செம்புக் கம்பியை உருவி, சுற்று எண்ணி, வார்னிஷ் பூசி எடுக்கிற அந்த வேலைக்கு எந்த அட்டையும் சாட்சி இல்லை, ஓடுகிற மோட்டாரே சாட்சி. வீட்டு வேலைக்குக் கூப்பிட்டால், “அஸர் தொழுதுட்டு வந்துடுறேன் நானா” என்றவர் மஃரிபுக்குப் பிறகு வந்தாலும் அன்றைக்கே வருகிறார்.

ஆனால் எரிவாயு மோட்டார் அல்ல. மோட்டாரில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் மோட்டார் மட்டும் எரியும். எரிவாயுவில் தவறினால் அடுத்த வீடும் சேர்ந்து போகும். நாகூர்ப் பக்கத்து நரிமணம் மண்ணிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுத்தும், சுற்றுவட்டாரச் சமையலறைகள் நெடுங்காலம் சிலிண்டரையே நம்பியிருந்தன. இப்போது நாகை, காரைக்கால் பகுதிகளில் வீடுகளுக்குக் குழாய் எரிவாயு கொடுக்கும் பணி நடக்கிறது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வயலைத் தோண்டலாமா என்று டெல்டா வாதாடியது நியாயம், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. வீட்டுக்குள் வரும் குழாயை யார் தொடலாம் என்ற பேச்சுத்தான் இன்னும் தெருவுக்கு வரவில்லை. சிலிண்டர் கசிந்தால் 1906க்கு அழைக்கலாம் என்பதும், ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும் என்பதும்கூடப் பல வீடுகளுக்குத் தெரியாது.

இங்கிலாந்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காத்திருப்பும் கட்டணமும் அல்ல, அந்த அட்டை மட்டுமே. காயில் கட்டத் தெரிந்த கைக்கு எரிவாயுப் பயிற்சி கொடுப்பது கடினமில்லை. பயிற்சி கொடுத்து, எந்த வேலைக்குத் தகுதி என்று பின்பக்கம் எழுதிய அட்டையும் கொடுத்தால், அன்றைக்கே வரும் வழக்கமும் கெடாது, வீடும் பிழைக்கும். மீதி வேலை வீட்டுக்காரருடையது: தெரிந்த ஆளாகவே இருந்தாலும், அட்டையைக் கேட்க வேண்டும்.