ஆண்டுக்கு ஒரு முறை

சாரடோகா ஊரைத் தாண்டி 9ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் ரெட்வுட் மரங்கள் வெயிலை மறைத்துவிடும். உச்சியில் ஸ்கைலைன் சாலை. ஒரு பக்கம் சிலிக்கான் பள்ளத்தாக்கின் கட்டடங்கள், மறுபக்கம் பசிபிக் கடலின் மூடுபனி. அங்கிருந்து பிரியும் ஒரு மண்பாதை முடிகிற இடத்தில்தான் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் ஒயினரி இருந்தது. ஒயினரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கொட்டகை, மலைச்சரிவில் சில ஏக்கர் பினோ நுவார் திராட்சைக் கொடி, கொஞ்சம் பீப்பாய்கள். கணவருக்குத் தோட்டமும் கொட்டகையும், மனைவிக்குக் கணக்கு வழக்கு, மகளுக்கு டிராக்டர்.

கணவர் அதற்கு முன் சிப் வடிவமைக்கும் பொறியாளராக இருந்தவர். ஐம்பதைக் கடந்த பிறகு வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தார். அந்த மலையில் இது புதுமையும் அல்ல. 1959இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துப் பொறியாளர்கள் சிலர் மான்டே பெல்லோ முகட்டில் ஒரு பழைய தோட்டத்தை வாங்கி, சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு போய்ப் பாடுபட்டார்கள். அதுதான் பிறகு ரிட்ஜ் என்ற ஒயினரி ஆனது. 1976இல் பாரிஸில் நடந்த புகழ்பெற்ற ஒயின் ஒப்பீட்டில் அவர்களுடைய 1971 கேபர்னே, சிவப்பு ஒயின்களில் ஐந்தாவதாக வந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2006இல், அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதலிடம் அதற்குத்தான். இந்தக் கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்த முப்பது ஆண்டில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போவார்.

அவரைச் சந்தித்தபோது நான் மென்பொருள் வேலையில் இருந்தேன். எழுதியது தப்பென்றால் மறுநாளே திருத்திவிடலாம். அவருக்கு அப்படி இல்லை. ஒரு கேள்வியை இந்தச் செப்டம்பரில் கேட்டால் பதில் அடுத்த செப்டம்பருக்குப் பிறகுதான். தனக்கு இருபது அறுவடை மிச்சமிருக்கலாம் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். அவர் குரலில் வருத்தம் இல்லை, வெறும் கணக்குதான் இருந்தது. அதனால்தான் ஒவ்வொன்றையும் அவ்வளவு கவனமாகச் செய்தார் என்று நினைக்கிறேன்.

அறுவடையின்போது கைகொடுக்கப் போவேன். பழம் சூடேறாமல் இருக்க விடியும் முன்பே பறிக்க வேண்டும். திறந்த தொட்டியில் நொதிக்கத் தொடங்கியதும் வாயு தோலை எல்லாம் மேலே தள்ளிவிடும். கெட்டியான ஒரு மூடிபோல் நிற்கும். நாளைக்கு இரண்டு மூன்று முறை அதைக் கம்பால் குத்தி உள்ளே அமிழ்த்த வேண்டும். விட்டால் காய்ந்து புளித்துக் காடியாகிவிடும். எனக்கு அந்தக் கம்பைக் கொடுப்பார். கொட்டகை முழுக்க எழும் அந்த வாசனை, விடியற்காலையில் பொங்கி நிற்கும் இட்லி மாவுக்கு எங்கோ உறவு. வீட்டை விட்டு அவ்வளவு தூரத்தில் அது என்னை நிறுத்தி வைத்தது.

2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மலை பற்றி எரிந்தது. தோட்டத்துக்குத் தீ வரவில்லை, புகை வந்தது. பழத்தை வாயில் போட்டால் ஒன்றும் தெரியாது. புகை தோலில் புகுந்து சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, நொதிக்கும்போதுதான் வெளியே வரும். ஒரு வாளிப் பழத்தை மட்டும் நொதிக்க வைத்துப் பார்த்தார். சாம்பல் சுவை. அந்த ஆண்டுப் பழம் முழுவதையும் கொடியிலேயே விட்டுவிட்டார். இருபதில் ஒன்று போயிற்று. ஜனவரியில் போனபோது, எப்போதும்போல் கத்தரியோடு கொடி கவாத்து செய்துகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய நிதானத்தை நான் வேறு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் என்னைச் சுற்றி எதுவும் ஒரு வருடம் காத்திருப்பதில்லை, நானும் காத்திருப்பதில்லை. அந்த ஒயினின் ருசியை நினைத்து நான் ஏங்கவில்லை. காத்திருப்பதே வேலையாக இருந்த அந்தக் கொட்டகைக்குத்தான் மனம் போகிறது.

தோள்வலி வந்துவிட்டது, கம்பை மகளிடம் கொடுத்துவிட்டேன் என்று சமீபத்தில் எழுதியிருந்தார். மிச்சமிருக்கும் அறுவடைகளில் ஒன்றுக்காவது நான் போயாக வேண்டும். சுவைக்க மட்டும் என்றால் எந்த மாதமும் போகலாம். எனக்குப் பழம் பறிக்கும் அந்தச் சில வாரங்கள் வேண்டும், மகளோடு முறை வைத்துக் கம்பு பிடிக்க.