செவ்வாய்க்கிழமை விடுமுறை

துறையூர்க்காரர்களுக்குக் கடல் தூரம். சுற்றுலா என்றால் எங்களுக்குப் பச்சைமலை, புளியஞ்சோலை. கொஞ்சம் கூடுதலாகப் போனால் கொல்லிமலை. அதனால், 'கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் இன்பச் சுற்றுலா, அனுபவமிக்க வழிகாட்டியுடன்' என்ற நோட்டீஸ் பஸ் நிலையப் பக்கம் ஒட்டப்பட்டதுமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒரு பஸ் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். பணத்தை வசூலித்து மொத்தமாகக் கட்டியவர் ஒரு தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். இந்தச் சுற்றுலா நீதிமன்றம் வரைக்கும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறுவனம் சென்னையில் இருந்தது. இங்கே கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் ஓர் ஏஜென்ட் மட்டும். வார இறுதியை விட வார நாளில் கட்டணம் குறைவு என்று செவ்வாய், புதன் இரண்டு நாளைப் பேசி முடித்தார்கள். திங்கள் இரவு பஸ் கிளம்பி, காலையில் முட்டுக்காட்டில் நின்றது. படகுத் துறையைப் பார்த்துவிட்டு தட்சிணசித்ரா போனால் கதவு மூடியிருக்கிறது. தென்னிந்திய வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடம் அது. 1996 முதல் நடக்கிறது. நோட்டீஸில் பெரிய படமாகப் போட்டிருந்ததும் அதைத்தான். அங்கே செவ்வாய்தோறும் வார விடுமுறை.

சரி என்று மாமல்லபுரம் போனார்கள். வழிகாட்டி என்று வந்த இளைஞர், அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, இதெல்லாம் சோழர் காலத்து வேலை என்று தொடங்கியிருக்கிறார். நம் தலைமையாசிரியருக்குப் பொறுக்குமா? ஏழாம் நூற்றாண்டு, பல்லவர், நரசிம்மவர்மன் என்று நடுரோட்டிலேயே பாடம் நடந்திருக்கிறது. பிறகு ஐந்து ரதங்களுக்கு உள்ளே போனதும் தொல்லியல் துறை ஊழியர் ஒருவர் அந்த இளைஞரிடம் உரிமம் கேட்டார். இல்லை. அவர் வெளியே போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் 10 ரூபாய் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தலைமையாசிரியர் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அவர் அன்றைக்குக் கோபத்தில் இருந்தார்.

மறுநாள் பிச்சாவரத்தில் காற்று அதிகம் என்று படகு விடவில்லை. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 1620-இல் கட்டிய கோட்டையை பஸ் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம் என்றார்கள்.

2013-இல் ஒரு காகிதக் கட்டுடன் வக்கீலான என்னிடம் வந்தார் தலைமையாசிரியர். அதில் நோட்டீஸ், ரசீது, நுழைவுச் சீட்டு, போட்டோ எல்லாம் தேதிவாரியாக இருந்தன. மூடிய கதவின் விடுமுறைப் பலகையைக் கூட ஒருவர் செல்போனில் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, பிச்சாவரத்துல படகே ஏத்தல. அதை முதல்ல எழுதுங்க" என்றார்.

"காத்து அடிச்சதுக்குக் கம்பெனி என்ன சார் பண்ணும்? அதை எழுதினா மத்ததும் சேர்ந்து கெட்டுப் போகும்."

அவருக்கு மனசில்லை. முப்பது பேருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? இருந்தாலும் விட்டுக்கொடுத்தார். வழக்கில் பாதி வெற்றி அந்த விட்டுக்கொடுப்பில் வந்ததுதான் என்று இன்றும் நினைக்கிறேன். எல்லாக் குறையையும் கொட்டி எழுதுகிற மனுவில் நிஜக் குறை எது என்று நீதிபதி தேட வேண்டியிருக்கும்.

வக்கீல் நோட்டீஸுக்கு வந்த பதில் ஒரே வரி: நிகழ்ச்சி நிரல் முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது என்று துண்டறிக்கையின் அடியில் அச்சிட்டிருக்கிறோம். அச்சிட்டிருந்தார்கள்தான்; பூதக்கண்ணாடி வேண்டும்.

திருச்சி மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டோம். அப்போது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்தது. எதிர்தரப்பு முதலில் எடுத்தது அதிகார வரம்பை. எங்கள் அலுவலகம் சென்னையில், சம்பவம் கடற்கரைச் சாலையில், திருச்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்டு, உச்ச நீதிமன்றத்தின் 2009 சோனிக் சர்ஜிக்கல் தீர்ப்பைக் காட்டினார்கள். அந்த வழக்கில் பாலிசி எடுத்தது அம்பாலாவில், தீப்பிடித்த கிடங்கும் அம்பாலாவில்; சண்டிகரில் வழக்குப் போட்டால் செல்லாது என்றது நீதிமன்றம். எங்களுக்கு அப்படியில்லை. பணம் வாங்கியது துறையூரில், ரசீது கொடுத்தது துறையூரில், பஸ் ஏறியதும் துறையூரில். வழக்கு மூலத்தின் ஒரு பகுதி திருச்சி மாவட்டத்துக்குள்ளேயே பிறந்திருக்கிறது என்று சொன்னோம், மன்றம் ஏற்றது. தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் முறையிட்டது சரியா என்றும் கேட்டார்கள். பணம் கட்டி அமர்த்தியவர் அவர்; மற்றவர்கள் பயனாளிகள். அந்த விஷயம் நீளவில்லை.

அடுத்து எழுத்துமூலக் கேள்விகள். நுகர்வோர் மன்றங்களில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். பிரமாண வாக்குமூலத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். நான் கேட்டதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: உங்கள் வழிகாட்டி தொல்லியல் துறை உரிமம் பெற்றவரா? எங்கள் ஊழியர், போதிய அனுபவம் உள்ளவர் என்று பதில் வந்தது. பழங்கால நினைவுச் சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளில் 8-ஆவது விதியை எடுத்து வைத்தேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு பார்வையாளருக்குச் சுற்றிக் காட்ட உரிமம் வேண்டும் என்கிறது அது. சட்டப்படி உள்ளே வாய் திறக்க முடியாதவரை வழிகாட்டி என்று விற்றிருக்கிறார்கள். எதிர்தரப்பு வக்கீல் எனக்கு நல்ல சிநேகிதர், அன்றைக்கு வெளியே வந்ததும், "இதை எங்கேய்யா பிடிச்சே?" என்றார்.

பொடி எழுத்து நிபந்தனையைப் பற்றி மன்றம் சொன்னதுதான் எனக்கு முக்கியம். மழை, காற்று, சாலை மறியல் போன்று முன்கூட்டி அறிய முடியாதவற்றுக்கு அந்த வரி பொருந்தும். வாராவாரம் வருகிற செவ்வாய்க்கிழமைக்குப் பொருந்தாது. பயணத்தை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு ஓரிடத்தின் விடுமுறை நாள் தெரியாது என்பதே சேவைக் குறைபாடு. பிச்சாவரத்தையும் நாங்கள் சேர்த்திருந்தால் அந்த வரி அவர்கள் பக்கம் நின்றிருக்கும்.

தரங்கம்பாடி தாமதத்துக்கு நிவாரணம் கிடைக்கவில்லை; அன்று வழியில் குழுவினரே அதிக நேரம் எடுத்துக்கொண்டது தெரியவந்தது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 10,000 ரூபாய், செலவுத் தொகை 3,000 ரூபாய் என்று உத்தரவு. தலைமையாசிரியர் கேட்கச் சொன்னது இரண்டு லட்சம். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகாமல் டிராப்ட் அனுப்பிவிட்டது.

இன்று அந்த அதிகார வரம்புத் தகராறே எழாது. 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுப் பார்க்கலாம். முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே நோட்டீஸையும் ரசீதையும் ஊர் திரும்பிய கையோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.